வியர்க்கும் ஒக்டோபரில் ஒரு பன்றி இறைச்சிச் சாப்பாடு

ரொறன்ரோவில் ஒக்டோபர் பிறந்ததும் எங்கள் அடுக்குமாடியில் ஹீட்டரைப் போட்டுவிடுவார்கள். வெளியே மேப்பிள் இலை கொட்டுகிற குளிர். உள்ளே எனக்குக் கழுத்திலிருந்து காது வரை நெருப்பு. மெனோபாஸ் வந்த வீட்டில் அடுப்படிதான் முதல் எதிரி. அதற்காக இந்தக் காலத்துப் பன்றி இறைச்சியை விட்டுவிட எனக்கு மனமில்லை. சமைக்கிற விதத்தைத்தான் மாற்றிக்கொண்டேன்.

1. உங்கள் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். போன வருடம் நன்றி நவிலல் நாள் விருந்தில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்கார்ந்தேன். "மச்சாள், உங்கட தட்டில வெறும் குழம்புதானே கிடக்கு?" என்று கேட்டாள் தம்பியின் மனைவி. அப்போதுதான் நானே பார்த்தேன். இறைச்சியைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுக் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொள்கிற பழக்கம் எங்கள் அம்மாக்களிடமிருந்து வந்தது. ஈஸ்ட்ரோஜன் இறங்கும் வயதில் தசையும் எலும்பும் சேர்ந்தே தேய்கின்றன. புரதம் மற்றவர்களைவிட நமக்குத்தான் அவசரம். கொழுப்பில்லாத சமைத்த இறைச்சி 100 கிராமில் ஏறக்குறைய 26 கிராம் புரதம் இருக்கிறது. உள்ளங்கை அளவுத் துண்டு ஒருவேளைக்குத் தாராளம்.

2. கடையில் டெண்டர்லொயின் என்று கேளுங்கள். முதுகெலும்பை ஒட்டிய, நீளமான, மெல்லிய துண்டு. பன்றியில் கொழுப்பு மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. மாதவிடாய் நின்றபின் கெட்ட கொழுப்பு ஏறுவது வழக்கம் என்பதால் இதுவே நல்லது. அரைக் கிலோ வாங்கினால் மூன்று பேருக்குத் திருப்தியாகக் காணும்.

3. அதன் மேல் வெள்ளியாக மினுங்கும் ஜவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். கத்தி நுனியை அதற்கு அடியில் நுழைத்து, மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால் நாடாவாக உரிந்து வரும். விட்டால் வேகும்போது சுருங்கி இறைச்சியை வில்லாக வளைத்துவிடும்.

4. அடுப்புக்கு முன்னால் நிற்காதீர்கள், ஓவனிடம் விட்டுவிடுங்கள். கடுகு விழுது, இடித்த பூண்டு, பெருஞ்சீரகத் தூள், உப்பு, கொஞ்சம் எண்ணெய் கலந்து இறைச்சியில் பூசி வையுங்கள். பட்டர்நட் பூசணித் துண்டுகளையும் வெங்காயத்தையும் தட்டில் பரப்பி 220 பாகை செல்சியஸில் 20 நிமிடம் விடுங்கள். பிறகு நடுவில் இடம் ஒதுக்கி இறைச்சியை வைத்தால் இன்னும் 20, 25 நிமிடத்தில் எல்லாம் தயார். அந்த நேரம் நீங்கள் பல்கனியில் நிற்கலாம். நான் நிற்கிறேன், ஸ்வெட்டர் இல்லாமல்.

பூசணித் தோல் கத்திக்கு அசையாது. முள்ளுக்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, இரண்டு மூன்று நிமிடம் மைக்ரோவேவில் வைத்தால் இளகும்.

5. இருபது டொலருக்குள் ஒரு சமையல் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த இடத்தின் நடுவில் 71 பாகை காட்டினால் போதும் என்பது கனடா சுகாதாரத் துறையின் கணக்கு. அமெரிக்காவில் முழுத் துண்டுக்கு 2011இல் 63 பாகையாகக் குறைத்தார்கள், அதன்பின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். நான் கனடாக் கணக்குக்காரி. ஆனால் 'பன்றியாச்சே' என்று பயந்து 80 வரை விட்டால் சாக்கு மாதிரி ஆகிவிடும்.

6. தொட்டுக்கொள்ள மக்கின்டொஷ் ஆப்பிள். ஒன்ராறியோவிலேயே பிறந்த இனம். நறுக்கி, ஒரு துண்டு கறுவாவும் கைப்பிடி தண்ணீரும் போட்டால் பத்து நிமிடத்தில் தானே கரைந்து கூழாகும், சீனி வேண்டாம். துண்டு துண்டாகவே இருக்க வேண்டுமென்றால் கோர்ட்லண்ட் வாங்குங்கள்.

7. இந்த வாட்டல் எல்லாம் எங்களுக்குச் சரிவராது, கறுப்புக் கறிதான் வேண்டும் என்கிறவர்களுக்கு: காரம் சிலருக்கு உடம்புச் சூட்டைக் கிளப்பும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. உங்களுக்கு எது என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும். கிளப்புமென்றால் மிளகாயை மூன்றில் ஒன்றாகக் குறையுங்கள். அந்தக் கறியின் கறுப்பும் வாசமும் மிளகாயால் வருவதில்லை. மல்லி, சீரகம், பெருஞ்சீரகத்தைக் கருகுவதற்கு முந்திய கணம் வரை வறுப்பதிலும் கொறுக்காய்ப் புளியிலும்தான் இருக்கிறது. தோள்பட்டை இறைச்சியை முதல்நாள் மாலையே சிறு தீயில் இரண்டு மணி நேரம் வேகவிட்டு, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கொழுப்பு மேலே வெள்ளை மெழுகாக உறைந்திருக்கும். கரண்டியால் தட்டினால் பாளமாகக் கழன்று வரும். என் வீட்டுச் சட்டியில் போன வாரம் அரைக் கோப்பை வந்தது. அடுத்த நாள் ருசியும் கூடியிருக்கும், சூடாக்குவது மட்டுமே வேலை.

8. பக்கத்தில் கீரை. ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பசளி என்றால் எல்லாருக்கும் ஒரு மரியாதை; ஆனால் அதிலுள்ள ஒக்சலேட் கால்சியத்தை உடம்பில் அதிகம் சேரவிடாது. இலையுதிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் கேல் கீரையை மெல்லியதாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யுங்கள். கூடவே முக்கால் கோப்பை தயிரில் வெள்ளரிக்காய்ப் பச்சடி: சுமார் 300 மில்லிகிராம் அதிலேயே வந்துவிடும், வாயும் குளிரும்.

9. பேக்கன், ஹாம், சொசேஜ் இந்தக் கணக்கில் இல்லை. உப்பு அதிகம், பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தரும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியும் விட்டது. 1987இல் அமெரிக்கப் பன்றி வியாபாரிகள் பன்றி இறைச்சியை 'இன்னொரு வெள்ளை இறைச்சி' என்று விளம்பரம் செய்தார்கள். விளம்பரம்தான். பன்றி சிவப்பு இறைச்சிக் கணக்கிலேதான் வரும். மாடு, ஆடு எல்லாம் சேர்த்து வாரத்துக்குச் சமைத்த நிலையில் 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்துங்கள்.

10. வைன் பலருக்கு நடுச்சாமத்தில் போர்வையை உதற வைக்கும். பழத்தோட்டங்களில் இப்போது விற்கும் ஆப்பிள் சைடரில் மதுவில்லை. அதில் பாதி, சோடாத் தண்ணீர் பாதி. இனிப்பும் அளவாகும்.

11. ஆறு, ஆறரைக்கே சாப்பிடுங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் முடித்தால் நெஞ்செரிச்சல் குறையும். நவம்பரில் கடிகாரத்தை மாற்றியபின் ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

12. மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். குளிர்ந்த டெண்டர்லொயின் கத்திக்கு அழகாக வரும். மெல்லியதாக வெட்டி ரொட்டிக்குள் ஆப்பிள் கூழோடு சுருட்டினால் மறுநாள் அலுவலகச் சாப்பாடு. என் இரண்டு துண்டுகளை நான் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் வைக்கிறேன். அங்கே என் மகன் கை வைப்பதில்லை.