தேங்காய் நீரில் வினாகிரி செய்தல்

கொப்பறைக்காகவோ, கலியாண விருந்துக்காகவோ, கோயிற் பொங்கலுக்காகவோ தேங்காய் உடைக்கப்படும் நாட்களில் தேங்காய் நீர் பெரும்பாலும் நிலத்திற் கொட்டப்படுகின்றது. அந்நீரைக் கொட்டிய வீட்டாரே ஊறுகாய்க்கும் அச்சாறுக்கும் வேண்டிய வினாகிரியைப் பணங்கொடுத்து வாங்குகின்றனர். போஞ்சி, வெள்ளரி, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம் ஆகியவற்றின் விலை சந்தையில் வீழ்ச்சியடையும் காலத்தில், வினாகிரி கைவசமுள்ள கமக்காரர் விளைவின் ஒரு பகுதியையேனும் அழியாது காத்துக்கொள்ளலாம். ஆகவே இதனைச் செய்யும் முறையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று.

இருமுறை நொதித்தல்

வினாகிரி ஒரே தடவையில் உண்டாவதில்லை. முதலில் மதுவம் என்னும் நுண்ணுயிர் சீனியை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. பின்னர் வேறொரு வகைப் பற்றீரியாக்கள் அவ்வற்ககோலை அசற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. வினாகிரியின் புளிப்புக்குக் காரணம் இவ்வமிலமே. இம்மாற்றத்தை உயிருள்ள பொருள்களே நிகழ்த்துகின்றன என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1864 ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார்.

இவ்விரு வேலையாட்களின் இயல்பும் வேறு. மதுவம் அற்ககோலை உண்டாக்கும்போது காற்று வேண்டியதில்லை. பற்றீரியாக்களுக்கோ காற்றின்றி வேலையில்லை. முதற்கட்டத்திற் காற்றைத் தடுத்தலும் இரண்டாங்கட்டத்திற் காற்றை விடுதலுமே இத்தொழிலின் உயிர்நிலை. வீடுகளிற் செய்யப்படும் வினாகிரி கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இவ்வேறுபாட்டை அறியாமையே காரணமாகும்.

வேண்டிய பொருள்கள்

அன்று உடைத்த முற்றிய தேங்காயின் நீர் 4 லீற்றர். சீனி 500 கிராம். ஈஸ்ட் என்று கடைகளில் விற்கப்படும் உலர்ந்த மதுவம் ஒரு தேக்கரண்டி. சூடாக்கப்படாத பழைய வினாகிரி 1 லீற்றர். பாத்திரங்கள் கண்ணாடியாலோ பீங்கானாலோ ஆனவையாக இருத்தல் வேண்டும். செம்பு, பித்தளை, இரும்பு, அலுமினியம் என்பவற்றை அமிலம் அரிக்குமாதலால் அவை ஆகா.

முற்றிய தேங்காயின் நீரில் இயல்பாக உள்ள சீனி மிகக் குறைவு. சீனி சேராத நீர் புளிக்குமாயினும், அதில் உண்டாகும் அமிலம் உணவைக் காக்கப் போதாது. ஆகையாற் சீனியின் அளவைக் குறைத்தலாகாது.

செய்முறை

1. தேங்காய் நீரைத் துணியில் வடித்துச் சீனியைக் கரைத்து, துருப்பிடியாத உருக்குப் பாத்திரத்தில் ஒரு கொதி வரும்வரை காய்ச்சுக. இதனால் வேண்டாத நுண்ணுயிர்கள் அழியும்.

2. விரல் பொறுக்கும் இளஞ்சூட்டிற்கு ஆறியபின் மதுவத்தைச் சேர்த்து, ஒடுங்கிய வாயுடைய சாடியில் முக்காற் பங்குக்கு மேற்படாமல் ஊற்றுக. சாடியின் வாயைப் பொலித்தீன் தாளால் மூடித் தளர்வாகக் கட்டுக. இறுக அடைத்தால் வாயு வெளியேற வழியின்றிச் சாடி வெடித்தல் கூடும்.

3. ஐந்து முதல் ஏழு நாட்களிற் குமிழிகள் அடங்கும். அடியில் மண்டி படியும். மண்டியைக் கலக்காது தெளிந்த நீரை மட்டும் இறுத்தெடுக்க.

4. தெளிந்த நீரை அகன்ற வாயுடைய சாடியில் அரைப்பங்கு அளவிற்கு ஊற்றிப் பழைய வினாகிரியைச் சேர்க்க. வாயைச் சுத்தமான துணியால் மூடிக் கட்டுக. துணி காற்றை விடும்; பழ ஈக்களைத் தடுக்கும். சாடியை நிழலான இடத்தில் அசையாது வைக்க. மேலே ஒரு மெல்லிய ஏடு படரும். இதுவே வினாகிரித் தாய் எனப்படும். சாடியை அடிக்கடி அசைத்தால் ஏடு அமிழ்ந்து வேலை தாமதமாகும்.

5. நான்கு முதல் ஆறு வாரங்களில் அற்ககோலின் மணம் நீங்கிக் கடும் புளிப்பு உண்டாகும். அடுத்த முறைக்கென ஒரு லீற்றரை ஏட்டுடன் ஒதுக்கிவைத்து, எஞ்சியதை வடித்துப் போத்தல்களில் நிரப்புக. போத்தல்களை ஏறக்குறைய 65 பாகை செல்சியசு சூடுள்ள நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, வாய்வரை நிரப்பித் தக்கையால் இறுக மூடுக.

வாய்வரை நிரப்புதற்குக் காரணமுண்டு. அற்ககோல் தீர்ந்தபின்னும் காற்றுக் கிடைக்குமாயின் அப்பற்றீரியாக்கள் அசற்றிக்கமிலத்தையே உண்டு தீர்க்கத் தொடங்கும். நல்ல வினாகிரி நாளடைவில் நீர்த்துப்போவது இதனாலாகும்.

தேங்காய் நீருக்குப் பதிலாக அன்னாசித் தோலையும் நடுத்தண்டையும் பயன்படுத்தலாம். நன்கு கழுவிய தோல் ஒரு கிலோவிற்கு இரண்டு லீற்றர் நீர் விட்டுக் காய்ச்சி வடித்து, வடிநீரில் லீற்றருக்கு 125 கிராம் சீனி சேர்த்து மேற்கூறியவாறு செய்க. பூஞ்சணம் பிடித்த பழங்களைச் சேர்த்தலாகாது.

தாயைப் பகிர்ந்துகொள்ளல்

கடைகளில் விற்கப்படும் வினாகிரி பெரும்பாலும் சூடாக்கப்பட்டதாகவோ, அசற்றிக்கமிலத்தை நீரிற் கலந்து செய்த செயற்கைப் பொருளாகவோ இருக்கும். அதில் உயிருள்ள பற்றீரியா இராது, தாயும் வளராது. ஆகவே முதன்முறை செய்வோர், முன்னரே செய்துவரும் ஒருவரிடமிருந்து சூடாக்காத வினாகிரியைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

பிரான்சில் ஒர்லியன்சு நகரத்தார் பீப்பாயிலிருந்து விளைந்த வினாகிரியில் ஒரு பகுதியை எடுத்து, அவ்விடத்தைப் புதிய திராட்சை மதுவால் நிரப்பி, ஒரே தாயை நெடுங்காலம் பேணிவந்தனர். நமது கிராமத்திலும் இவ்வாறு செய்யலாம். ஒருவர் ஒரு போத்தல் தாயை அயல்வீட்டாருக்குக் கொடுப்பாராயின், தமது தாய் கெட்டுப்போன காலத்தில் அவ்வயல்வீட்டாரிடமிருந்தே திரும்பப் பெறலாம். கொடுப்பதற்கு முன் ஏட்டைக் கவனித்துப் பார்க்க. நல்ல ஏடு வெண்மையாய், வழுவழுப்பாய் இருக்கும். பச்சை, கறுப்பு, சாம்பல் நிறங்களில் மயிர்போலத் தோன்றுவது பூஞ்சணம். அது காணப்பட்டால் ஏட்டை மட்டும் அகற்றுதல் போதாது. சாடியிலுள்ள அனைத்தையும் கொட்டிவிடுக. அதனைப் பிறருக்குக் கொடுத்தல் எல்லா வீட்டுத் தாயையும் கெடுத்துவிடும்.

எச்சரிக்கைகள்

முதற்கட்டத்தின் முடிவில் உள்ள நீர் மதுவேயாகும். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் செய்தல் குற்றமாகும். எனவே அந்நீரைக் குடித்தலோ, பிறருக்குக் கொடுத்தலோ, காய்ச்சி வடித்தலோ கூடாது. அதனைச் சிறுவர் கைக்கு எட்டாது வைத்து, மண்டி படிந்தவுடன் காலந்தாழ்த்தாது இரண்டாங்கட்டத்திற்கு மாற்றுக. கள் இறக்குவதற்கும் அனுமதி வேண்டும். ஆதலால் தொடங்குமுன் உங்கள் பகுதி மதுவரி அலுவலகத்தில் விசாரித்தறிந்துகொள்க.

நெடுநாள் வைக்கும் ஊறுகாய்க்கு, நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையாத அசற்றிக்கமிலமுள்ள வினாகிரியே வேண்டும். நாவிற் படும் புளிப்பைக்கொண்டு இவ்வளவை நிச்சயித்தல் இயலாது. ஆய்கூடத்திற் சோதிக்கப்படும்வரை வீட்டில் செய்த வினாகிரியைக் கறிகளுக்கும், அன்றன்று உண்ணும் அச்சாறுக்கும் மட்டுமே பயன்படுத்துக. வலுக்குறைந்த வினாகிரியை நம்பிப் போத்தலில் அடைத்த மரக்கறி, பார்வைக்கு நன்றாயிருந்தும் உண்பவருக்குத் தீங்கு செய்யக்கூடும். விற்பனை செய்ய விரும்புவோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விதிகளைக் கேட்டறிதல் அவசியம்.

முதன்முறை செய்வோர் மேலே சொன்ன அளவிற்கு மேற்படாமற் செய்து, தொடங்கிய தேதியையும் சேர்த்த சீனியின் அளவையும் சாடியின்மேல் எழுதி ஒட்டிவைக்க. அக்குறிப்பு அடுத்த முறைக்கு வழிகாட்டும். தாயைப் பெறும் அயல்வீட்டாருக்கும் உதவும். ஐயங்கள் எழுமாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.