முளைப்பாரியும் நான்காம் வகுப்பு அறிவியலும்

அன்புள்ள டீச்சர்,

நியமன ஆணை வாங்கி, ஏதோ ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்திருப்பீர்கள். தமிழையும் கணக்கையும் எப்படி நடத்துவது என்று சொல்லித்தர உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். எண்ணும் எழுத்தும் பயிற்சி, குறுவள மையக் கூட்டம், ஆசிரியர் கையேடு எல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டையும் சுற்றியே வரும். அறிவியல் பாடவேளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். பாடத்தை ஒருமுறை வாசித்து, கேள்வி பதிலைப் பலகையில் எழுதிப்போட்டால் மணி அடித்துவிடும். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்தக் கடிதம்.

மூன்றாம் வகுப்புக்கு வரும்போதே குழந்தைக்கு ஏகப்பட்டது தெரிந்திருக்கும். எந்தப் பூச்சி கடிக்கும், மாடு எந்தச் செடியை ஒதுக்கும், மழைக்கு முன்னால் எறும்பு என்ன செய்யும் என்றெல்லாம் சொல்லும். அதில் சரியும் உண்டு, தப்பும் உண்டு. நாம் நடத்துகிற பாடம் அதோடு போய் மோத வேண்டும். மோதாவிட்டால், பரீட்சைக்கு ஒரு பதில், நிஜத்துக்கு ஒரு பதில் என்று இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்துக்கொள்ளக் குழந்தை பழகிவிடும். அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள்கூட ஆயுள் முழுக்க அப்படியே இருந்துவிடுகிறார்கள். தொடக்கப் பள்ளி அறிவியலின் முதல் வேலை இந்தப் பழக்கம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என்று நான் நம்புகிறேன். பாடப்பொருள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தென் மாவட்டப் பள்ளி ஒன்றில் நான் வேலை பார்த்தபோது நான்காம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன். "ஒரு பயறை மண்ணுல போட்டுத் தண்ணி ஊத்தி, இருட்டு அறையில வச்சா முளைக்குமா?" முக்கால்வாசிக் கைகள் "முளைக்காது" என்று எழும். காரணமும் சொல்வார்கள்: தாவரங்கள் வளரச் சூரிய ஒளி தேவை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, மனப்பாடமாகச் சொல்லவும் செய்வார்கள். அதே குழந்தைகளின் வீட்டில் பங்குனியிலோ ஆடியிலோ முளைப்பாரி போடுவார்கள். சட்டியிலோ கூடையிலோ மண்ணும் எருவும் வைக்கோலும் பரப்பி, தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு என்று நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் படாத அறைக்குள் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். திருவிழா அன்று முழ உயரத்துக்கு வளர்ந்த அந்த வெளிர்மஞ்சள் நாற்றை அம்மாவும் அத்தையும் தலையில் சுமந்துபோகும்போது இந்தக் குழந்தையும் கூடவே நடந்திருக்கும். முளைப்பாட்டுக்குக் கும்மிகூடத் தட்டியிருக்கும். ஆனாலும் வகுப்பில் உட்கார்ந்ததும் "முளைக்காது" என்று கை தூக்குகிறது. கண்ணால் பார்த்ததைப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூடாது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. கேட்பாரில்லாததால் அதுவாகவே அப்படிப் புரிந்துகொண்டது.

இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலைச் சொல்லாதீர்கள். யார் முளைக்கும் என்கிறார்கள், யார் முளைக்காது என்கிறார்கள், ஏன் என்பதைப் பலகையில் எழுதிவையுங்கள். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் பல பள்ளிகளில் சுவரின் அடிப்பக்கம் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்தார்கள். உங்கள் பள்ளியில் அது மிஞ்சியிருந்தால் அவர்களே எழுதட்டும். பிறகு இரண்டு கொட்டாங்கச்சி. இரண்டிலும் ஒரே மண், ஒரே எண்ணிக்கையில் தட்டைப்பயறு, ஒரே அளவு தண்ணீர். ஒன்று ஜன்னல் ஓரத்தில், இன்னொன்று பீரோவுக்குள். "ரெண்டுலயும் தண்ணி ஒரே மாதிரி ஊத்தணும், இல்லன்னா ஏமாத்துற மாதிரி" என்று ஒரு பிள்ளை சொல்லும். சோதனை என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவாக நாம் விளக்கம் சொல்லிவிட முடியாது. அந்தப் பிள்ளை சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பச் சொல்லவையுங்கள்.

நாலைந்து நாளில் பீரோவைத் திறந்தால் வகுப்பே கத்தும். உள்ளே முளைத்திருப்பது மட்டுமில்லை, ஜன்னலில் இருப்பதைவிட உயரமாகவும் இருக்கும். நூலால் அளக்கச் சொல்லுங்கள். "இருட்டுலதான் டீச்சர் நல்லா வளருது" என்று ஒரு கூட்டம் கிளம்பும். இப்போதும் அவசரப்படாதீர்கள். "நல்லா வளருதுன்னா என்ன?" என்று மட்டும் கேளுங்கள். தண்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். உள்ளே இருந்தது நூல்போல் மெலிந்து வெளுத்துச் சாய்ந்திருக்கும். வெளியே இருந்தது குட்டையாக, தடித்து, பச்சையாக நிற்கும். உள்ளிருந்த கொட்டாங்கச்சியை வெயிலுக்குக் கொண்டுவந்தால் ஓரிரு நாளில் இலை பச்சை பிடிக்கும். பீரோவுக்குள் கூடுதலாக இன்னொரு கொட்டாங்கச்சியும் வைத்திருந்து, அதை இருட்டிலேயே விட்டுவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் துவண்டு விழும்.

அப்படியானால் அத்தனை நாள் எதைத் தின்று வளர்ந்தது? இதற்கு ஊறவைத்த மொச்சை வேண்டும். ஆளுக்கு ஒன்று கொடுங்கள். நகத்தால் தோலை உரித்தால் பருப்பு இரண்டாகப் பிளக்கும். ஓரத்தில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில், மடித்துவைத்த இரண்டு இலையும் ஒரு கூரான வேரும் கொண்ட ஒரு செடி படுத்திருக்கும். பார்த்த குழந்தை பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடாமல் இருக்காது. மற்ற சதை எல்லாம் அந்தச் செடிக்குத் தாய் கட்டிக் கொடுத்த சோறு. அது தீரும்வரை வெளிச்சம் இல்லாமலே காலம் தள்ளும். தீர்ந்த பிறகு தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் வெளிச்சம். பாடப்புத்தக வாக்கியத்தைக் குழந்தைகளே இப்போது திருத்தி எழுதுவார்கள்: முளைக்க வெளிச்சம் வேண்டாம், தொடர்ந்து வளர வேண்டும். (புகையிலை போன்ற சில பொடி விதைகளுக்கு முளைப்பதற்கே வெளிச்சம் வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் நாளைக்குப் புது வாக்கியமும் மனப்பாடமாகிவிடும்.)

வீட்டில் இருக்கிற அறிவைப் போற்றச் சொல்கிறேன் என்று இதை எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். வீடும் தப்புச் சொல்லும், அதையும் இதே உரைகல்லில்தான் உரைக்க வேண்டும். ராத்திரியில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பார்கள். நம் ஆசிரியர்களில் பலர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "பேய் இல்லை பிள்ளைகளா, மரம் இரவில் கரியமில வாயுவை விடும், மூச்சு முட்டும், அதைத்தான் முன்னோர்கள் அப்படிச் சொன்னார்கள்" என்று விளக்குகிறார்கள். கேட்க அறிவியல் மாதிரி இருக்கிறது. ஆனால் காற்றோட்டமான வெளியில் அந்த வாயு தேங்கி நிற்காது, ஆளைத் திணறடிக்கும் அளவுக்குச் சேரவும் சேராது. கல்யாண வீட்டுக் கூடத்தில் இருபது பேர் நெருக்கிப் படுத்து இருபது பேரும் அதே வாயுவை விட்டுக்கொண்டே விடியும்வரை தூங்குகிறோம் என்பதைக் குழந்தைகளிடம் சொன்னால் அவர்களே மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள். பேய்க் கதையின் இடத்தில் சோதிக்காத இன்னொரு கதையை வைப்பதால் குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை. முன்னோர்களுக்கும் அது மரியாதை ஆகாது. அவர்கள் உண்மையிலேயே கண்டுவைத்தது எவ்வளவோ இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கும் என்பது ஒன்று. அதில் எலுமிச்சையைப் பிழிந்து மறுபடி மஞ்சளாக்கிக் காட்டலாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதை நீங்களே கையாளுங்கள். குழந்தைகளுக்கு மஞ்சள் தடவிய காகிதமும் சோப்புத் தண்ணீரும் போதும்.

குழந்தைகளின் விளக்கங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். தரையில் கொட்டிய தண்ணீர் எங்கே போச்சு என்று கேட்டால் "தரை குடிச்சிருச்சு" என்பார்கள். சிரித்துவிட்டு "ஆவியாகிவிட்டது" என்று எழுதிப்போடத் தோன்றும். எழுதிப்போட்டால் அவர்களும் எழுதிக்கொள்வார்கள், தரைதான் குடித்தது என்ற நினைப்பு அப்படியே இருக்கும். சத்துணவுத் தட்டு இரண்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வெயிலில் வையுங்கள், ஒன்றின்மேல் கண்ணாடி மூடி. எவர்சில்வர் குடிக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். திறந்த தட்டு காய்ந்துவிட்டதையும் மூடியின் உட்புறம் துளித்துளியாக நிற்பதையும் பார்த்தபிறகு தரையைப் பற்றிப் பேச்சு மாறும். மிதப்பது, மூழ்குவது பாடத்திலும் அப்படித்தான். "கனமா இருந்தா மூழ்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிற வகுப்பின் முன் ஒரு வாளித் தண்ணீரில் பூசணிக்காயைப் போட்டு, கூடவே ஒரு குண்டூசியையும் போடுங்கள். சத்துணவு முட்டை ஒன்று மிஞ்சினால் டம்ளர் தண்ணீரில் அதை மூழ்கடித்து, கரண்டி கரண்டியாக உப்பைக் கரைத்து, எத்தனையாவது கரண்டியில் எழும்புகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நான்காம் வகுப்புக்கு அடர்த்தி என்ற சொல் இல்லாமலே இவ்வளவு தூரம் வர முடியும்.

எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதில்தான் நம் தொழிலின் நுட்பம் இருக்கிறது. வின் ஹார்லன் தொகுத்து 1985-இல் வந்த ஒரு தொடக்கப் பள்ளி அறிவியல் நூலில் யோஸ் எல்ஸ்ட்கீஸ்ட் என்பவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் வழியில் நான் புரிந்துகொண்டது இது: சில கேள்விகளுக்குப் பதில் புத்தகத்தில் இருக்கும், சில கேள்விகளுக்குப் பதில் பொருளிடமே இருக்கும். "காந்தம் ஏன் இரும்பை ஈர்க்கிறது?" என்று கேட்டால் எட்டு வயதுக் குழந்தை வாயை மூடிக்கொள்ளும், படித்தவர்களுமே திணறுவார்கள். "இந்தக் காந்தம் எத்தனை காகிதத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஊசியை இழுக்கும்?" என்று கேட்டால் அந்தக் குழந்தை உங்களைத் திரும்பிப் பார்க்காது. நேராகக் காந்தத்திடம் போய்க் கேட்கும். 'ஏன்' என்ற கேள்வியைக் குழந்தை கேட்கட்டும். நீங்கள் 'என்ன ஆகும்', 'எவ்வளவு', 'எது முதலில்' என்று கேளுங்கள்.

நோட்டு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். பலகையில் இருந்து பார்த்து எழுதிய ஒரே மாதிரி நோட்டு வகுப்பு முழுக்க இருந்தால் எவரும் எதையும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் 'முதலில் நினைத்தது', வலப்புறம் 'பிறகு பார்த்தது' என்று படம் போடச் சொல்லுங்கள். இடப்புறத்தில் உள்ள எதையும் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். நினைத்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் குழந்தை அடுத்த முறை நினைக்காமல் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும். கேள்வி பதில் பகுதியையும் விட்டுவிட முடியாது, பரீட்சை இருக்கிறது. அதைக் கடைசியில் எழுதவையுங்கள், சுருக்கமாக.

ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் ஐந்து வகுப்புக்கும் நீங்கள் இரண்டே பேர், இதெல்லாம் எங்கே நடக்கிற காரியம் என்று தோன்றும். உண்மையைச் சொன்னால் அந்தப் பள்ளிகளில்தான் இது நன்றாக நடக்கிறது. பெரிய பிள்ளைகள் அளப்பார்கள், எழுதுவார்கள். சின்னப் பிள்ளைகள் வரைவார்கள், தண்ணீர் ஊற்றுவதை மறக்கவே மாட்டார்கள். பாடக்குறிப்பில் 'பயறு சோதனை, ஐந்தாம் நாள்' என்று எழுதிவையுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வந்தால் கொட்டாங்கச்சியைக் காட்டி ஒரு குழந்தையை விளக்கச் சொல்லுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ் 1987-இல் தொடங்கி வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் வாசிக்கப் பள்ளிக்கு ஒரு சந்தா கட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 'நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்' என்று நீங்களும் படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் அது ஆண்டுக்கு இரண்டு நாள்தான் உண்மை. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் வரும். தெற்கே போகப் போக ஏப்ரல் நாள் முந்தியும் ஆகஸ்ட் நாள் பிந்தியும் போய், கன்னியாகுமரியில் இரண்டாவது நாள் செப்டம்பர் தொடக்கத்தில் விழும். ஏப்ரல் நாள் பரீட்சையிலோ விடுமுறையிலோ போய்விடும், இரண்டாவது நாள் பள்ளி நாளாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகக் காத்திருக்காமல் ஜூனிலேயே மைதானத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, வாரம் ஒருமுறை மதியம் 12.10-லிருந்து 12.30 வரை நிழலின் நுனியில் கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் கணக்கு. ஜூனில் அது தெற்குப் பக்கம் விழுவதைக் கண்டு பிள்ளைகள் குழம்புவார்கள். குழம்பட்டும், விளக்க வேண்டாம். ஜூன் கடைசியிலிருந்து வாரத்துக்கு வாரம் கல் குச்சியை நெருங்கி வரும், ஒரு நாள் நிழலே இருக்காது, அதன் பிறகு வடக்குப் பக்கம் கல் வைக்க வேண்டியிருக்கும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுங்கள். குச்சியை ஆடு மாடு தட்டிவிடாத இடமாகப் பார்த்து நடுங்கள், சத்துணவு அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை