இயங்கலைக் கல்வியும் தோட்டப்புறப் பிள்ளைகளும்

பள்ளிக்கூடம் என்றதும் மணியோசையும் கரும்பலகையுமே நம் நினைவுக்கு வரும். 2020ஆம் ஆண்டு அந்நிலையை மாற்றியது. கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசிக்கும் கணினிக்கும் இடம் மாறின. இம்முறையையே இயங்கலைக் கல்வி என்கிறோம். பெருந்தொற்று தணிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டனர். எனினும், வெள்ளத்தாலோ புகைமூட்டத்தாலோ பள்ளி மூடப்படும் வேளைகளில் இம்முறை மீண்டும் கைகொடுக்கிறது. ஆகவே, இதன் நன்மைகளையும் இடர்களையும் தோட்டப்புற மக்கள் அறிந்திருத்தல் நலம்.

நன்மைகள்

தொலைவிலிருந்து பாடம் கேட்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. கல்வித் தொலைக்காட்சி 1972ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. ஆயினும், அன்றைய தொலைக்காட்சிப் பாடம் ஒருமுறை ஒளியேறிப் போய்விடும். இயங்கலையில் பதிவு செய்யப்பட்ட பாடத்தைப் பிள்ளைகள் நிறுத்திக் கேட்கலாம். விளங்காத பகுதியை மீண்டும் கேட்கலாம். வகுப்பில் கையுயர்த்தக் கூச்சப்படும் மாணவரும் தம் ஐயத்தை ஆசிரியருக்கு எழுதியனுப்பலாம்.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் கல்வி அமைச்சு டெலிமா என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கியது. அதனுள் நுழைவதற்குரிய கணக்கு விவரங்களைப் பள்ளியிலேயே கேட்டுப் பெறலாம்.

இடர்கள்

இந்நன்மைகள் எல்லா இல்லங்களையும் ஒரே அளவில் எட்டவில்லை. பள்ளிகள் மூடப்பட்ட தொடக்கத்தில் கல்வி அமைச்சு ஏறத்தாழ 9 இலட்சம் மாணவர்களின் பெற்றோரிடம் விவரம் திரட்டியது. அவர்களுள் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்வகைக் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. இக்குறையைப் போக்க, 2021ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

தோட்டப்புறத்தில் இக்குறை வேறோர் உருவிலும் வரும். வீட்டில் கைப்பேசி உண்டு. ஆனால், அது விடியற்காலையிலேயே தந்தையின் சட்டைப்பையில் வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் மூவர், கருவியோ ஒன்று. பள்ளமான இடங்களில் இணையத் தொடர்பு நலிந்துவிடும். நேரலை வகுப்பில் முகம் பார்த்துப் பாடம் கேட்டால், முன்பணம் செலுத்திப் பெற்ற தரவு விரைவில் தீர்ந்துவிடும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கையைப் பிடித்துத்தான் எழுத்தின் சுழியைப் பழக்க வேண்டும். திரையில் தோன்றும் ஆசிரியரால் அது இயலாது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றுவிட்ட வீட்டில், பிள்ளை பின்தங்குவது எவர் கண்ணிலும் படுவதில்லை. மழையால் பால்வெட்டு ஒருநாள் நின்றால், மறுநாள் அதே மரத்தை வெட்டிக்கொள்ளலாம். விடுபட்ட பாடம் அவ்வாறு காத்திருப்பதில்லை. அதன்மேல் அடுத்த பாடம் ஏறிவிடுகிறது. இவ்வாறு பின்தங்கும் பிள்ளை, பள்ளி மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் வகுப்பில் வாய்மூடி அமர்ந்திருக்கக் காண்கிறோம்.

நாம் செய்யத்தக்கவை

1. கைப்பேசி எந்நேரம் வீட்டில் இருக்கும் என்பதை வகுப்பாசிரியரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும். மாலையில் செய்யத்தக்க பாடங்களை அவர் அனுப்ப அது உதவும்.

2. தரவு குறைவாயின் அதனையும் மறைக்காது கூற வேண்டும். எழுத்துக் குறிப்புக்கும் குரற்பதிவுக்கும் காணொலியைவிடக் குறைந்த தரவே போதும். அச்சிட்ட பயிற்சித்தாள் கிடைக்குமா என்றும் பள்ளியில் கேட்கலாம்.

3. பிள்ளைகள் பலராயின், அரசுத் தேர்வு எழுதவிருப்பவருக்கு நேரலை வகுப்பையும் மற்றவர்க்குப் பதிவுப் பாடத்தையும் ஒதுக்கலாம்.

4. நாள்தோறும் கால் மணி நேரமேனும் பிள்ளையின் அருகமர்ந்து, அன்று படித்ததை வாய்விட்டுச் சொல்லச் செய்ய வேண்டும். இதற்குப் பெற்றோர் படித்தவராய் இருத்தல் வேண்டுமென்பதில்லை. சொல்லத் தடுமாறும் இடமே பிள்ளைக்கு விளங்காத இடம். அதனை ஆசிரியரிடம் தெரிவித்தால் போதும்.

5. எழுத்தறிந்த அண்ணன், அக்காள், அண்டை வீட்டு இளைஞர் ஆகியோர் லயத்துச் சிறுவர்களை ஒன்றுகூட்டிப் படிப்பிக்கலாம். தோட்டத்து மண்டபமும் கோயில் வாசலும் இதற்குப் பயன்படட்டும்.

கருவி ஆசிரியரின் குரலை வீட்டுக்குக் கொண்டுவரும். பிள்ளையின் பக்கத்தில் அமர்வதற்கு அதனால் இயலாது. அந்த இடத்தை நிரப்பும் கடமை நம்முடையது. அடுத்த முறை பள்ளிக் கதவு சிலநாள் மூடப்படும்போது, நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவரேனும் பின்தங்காதிருக்க இன்றே ஆவன செய்வோமாக.