இரண்டு சாக்குப் பைகளில் ஒரு வித்யாதானம்

'கையில் பொருள் சேரட்டும், ஓய்வு கிடைக்கட்டும், பிறகு தொண்டு செய்வோம்' என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறு காத்திராத ஒருவரைப் பற்றி இங்கே சிந்திப்போம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மலைக்காட்டில் முதுவர் பழங்குடியினர் வாழும் ஊர் இடமலைக்குடி. 2010-இல் அங்கே சிறு தேநீர்க்கடை நடத்திவந்த திரு. பி.வி. சின்னத்தம்பி, ஆசிரியர் திரு. பி.கே. முரளீதரனின் துணையோடு தம் கடையிலேயே ஒரு நூலகத்தைத் தொடங்கினார். அப்போது அவர் எழுபது வயதை நெருங்கியிருந்தார். மண்சுவர்க் கடை, அலமாரி இல்லை. 160 நூல்களை இரண்டு சாக்குப் பைகளில் வைத்திருந்தார். அவற்றுள் சிலப்பதிகாரத்தின் மலையாள ஆக்கமும் ஒன்று. தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று நம்பும் முதுவர்க்கு அக்கதை அயலானதன்று. மலைவழி நடந்து களைத்து வருவோர்க்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரை அவர் விலையின்றி அளித்தார்.

2013-ஆம் ஆண்டு முழுவதிலும் இரவல் சென்ற நூல்கள் 37 மட்டுமே. அந்தச் சிறு எண்ணிக்கை அவரைச் சோர்வடையச் செய்யவில்லை. ஒவ்வோர் இரவலையும் ஏட்டில் பதிவு செய்துவந்தார்.

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்க என்னும் கீதையின் போதனை இங்கே செயல்வடிவம் பெறுகிறது. அன்னதானத்தினும் வித்யாதானம் மேலானது என்றார் சுவாமி விவேகானந்தர். அதற்கு மாளிகை வேண்டியதில்லை. இருப்பதைப் பகிரும் மனம் போதும்.

நம் வீட்டுத் திண்ணையில் இன்றே தொடங்கத்தக்க தொண்டு எது? இதனை இம்மாத சத்சங்கத்தில் கலந்து சிந்திப்போமாக.