பல் எடுத்த பின் வாயைப் பேணுதல்

பல்லை எடுத்ததும் துன்பம் தீர்ந்ததென்று நாம் எண்ணிவிடுகின்றோம். குழியில் உறைந்து நிற்கும் இரத்தமே அப்புண்ணுக்கு மூடியாகும். அது பெயர்ந்தால் எலும்பு வெளிப்பட்டுக் கடும் வலி உண்டாகும். ஆகவே முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளித்தலும், காறி உமிழ்தலும், சூடான உணவும் ஆகா. மறுநாள் முதல் உப்பிட்ட வெந்நீரை ஆறவைத்து மெல்லக் கொப்பளிக்கலாம்.

வலி தணியுமென்று புகையிலையை அடக்கிக்கொள்வது நம்மிடையே உள்ள வழக்கம். அது புண்ணை ஆறவிடாது, வாய்ப்புற்றுக்கும் வித்தாகும். இரண்டு வாரங்கள் கடந்தும் ஆறாத புண்ணைத் தாமதியாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் புற்றையும் குணப்படுத்தலாம். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இதற்கெனவே அமைந்தது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.