டூங்காபியில் ஒரு பின்வளவு வீடு

மூதூர்

அன்பு மகளுக்கு,

சிட்னியில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை தொடங்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, அதற்குள் சித்தப்பா டூங்காபியில் தன் கூட்டாளியின் பின்வளவில் இருக்கும் கிரானி ஃபிளாட்டைப் பேசி வைத்துவிட்டார், ஒப்பந்தம் எழுதத் தேவையில்லை, கிழமைக்குக் கிழமை கையில் காசாகக் கொடுத்தால் போதும் என்கிறார்களாம், எடுக்கவா விடவா என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த வீட்டுக்கும் நீ என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நம் ஆட்களுக்கு இடம்பெயரத் தெரியும், இடம் தேடத் தெரியாது. 2006 ஓகஸ்டில் சண்டை மூண்டபோது மூதூர் முஸ்லிம் சனம் கந்தளாய்க்கு ஓடியது. சம்பூர், கட்டைபறிச்சான் தமிழ்ச் சனம் வெருகல் தாண்டி வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போனது. நீ அப்போது சின்னப் பிள்ளை. பிறகு கிளிவெட்டி முகாம். 2015இல் காணியை விடுவிக்கும்வரை சம்பூர் ஆட்களில் பலர் அப்படித்தான் இருந்தார்கள். அந்தக் காலம் முழுக்க எங்கே இருக்க விருப்பம் என்று உங்களை ஒருவரும் கேட்கவில்லை. தகரமும் தறப்பாளும் கிடைத்ததே பெரிய காரியம் என்று பழகிவிட்ட மனம், சிட்னிக்குப் போனாலும் கூரையைக் கண்டதும் தலையாட்டிவிடும். வீடு காட்ட வரும் ஏஜென்டிடம் ஒரு கேள்வி கேட்கவே கூச்சப்படும். அங்கே நான் இருந்த காலத்தில் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் பலரிடம் இதைப் பார்த்தேன். மகள், நீ வாடகை கொடுக்கப்போகிறவள். உனக்கு ஒருவரும் நிவாரணம் தரவில்லை.

நம் கடற்கரையில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயன் றொபேர்ட் நொக்ஸின் கதை உனக்குத் தெரியும். புயலில் பாய்மரம் முறிந்த கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவனையும் தகப்பனையும் மாலுமிகளையும் பிடித்துக்கொண்டு போய் மலைநாட்டுக் கிராமங்களில் பிரித்துப் பிரித்து விட்டார்கள். முதலில் விட்ட ஊரில் தகப்பன் காய்ச்சலில் செத்தார். பிறகும் அவனை ஊர் மாற்றினார்கள். தொப்பி பின்னியும் நெல்லைக் கடனுக்குக் கொடுத்தும் காசு சேர்த்து, கடைசியில் எலதெத்த என்ற ஊரில் தானே ஒரு காணி பார்த்து வாங்கி வீடு கட்டினான். கைதிக்கே அந்தத் தெரிவு வாய்த்தது. தப்பி ஓடியது 1679இல்தான். அவன் எழுதிய புத்தகம் 1681இல் லண்டனில் வெளிவந்தது. வீடு தேடுகிறவர்களுக்கும் அதில் பாடம் கிடக்கிறது என்பது பலபேருக்குத் தெரியாது, அதை அரச வரலாறாக மட்டும்தான் வாசிக்கிறார்கள்.

இனி உன் விஷயம். வீட்டைப் பார்க்க முதல் உன் ரோஸ்டரைப் பார். காலைக் கடமை ஏழு மணியளவில், மாலைக் கடமை முடிய இரவு ஒன்பதரை, பத்தாகும், இடையிடையே இரவுக் கடமை. மற்றவர்கள் ஒன்பது மணி வேலைக்காரர்கள், அவர்களுடைய கணக்கு உனக்குச் சரிவராது. பாலங்கள் வர முதல் மூதூரில் திருகோணமலை எவ்வளவு தூரம் என்று ஒருவரும் மைலில் சொன்னதில்லை, கடைசி லோஞ்ச் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டோம். அங்கேயும் அப்படியே கேள். சித்தப்பா சொல்லும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீற்றர் என்பது ஒன்றுமில்லை. மாலைக் கடமை முடித்து உடுப்பு மாற்றி, ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலுக்கு நின்று, இறங்கி, இருட்டில் நடந்து, கதவைத் திறக்கும்போது மணி என்ன? அதுதான் தூரம்.

ரயில் பாதையின் முக்கிய ஸ்டேஷன்களை மனப்பாடம் செய். ஸ்ட்ரத்ஃபீல்ட், லிட்கம், ஓபர்ன், கிரான்வில், ஹரிஸ் பார்க், பரமட்டா, வெஸ்ட்மீட், பிறகு வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, செவன் ஹில்ஸ், பிளாக்டவுன். டூங்காபி வெஸ்ட்மீட்டிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். கேட்கக் கிட்டத்தான் இருக்கிறது. ஆனால் பிளாக்டவுன் பக்கம் போய்வரும் வேக ரயில்கள் பல வென்ட்வேர்த்வில்லையும் பெண்டில் ஹில்லையும் டூங்காபியையும் நிற்காமல் தாண்டிப் போய்விடும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயில் இரவில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று பார். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அது இளந்தாரிப் பெடியனின் பகல் நடை. வெஸ்ட்மீட்டிலேயே எடுத்தால் வாடகை கூட, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அத்தனை பேரும் அங்கேதான் தேடுகிறார்கள். வென்ட்வேர்த்வில்லில் எடுத்தால் ரயில் தவறினாலும் பகலில் நடந்தே போகலாம். 2024 டிசம்பரில் தொடங்கிய பரமட்டா லைட் ரெயில் வெஸ்ட்மீட்டிலிருந்து பரமட்டாவுக்குள்ளால் கார்லிங்ஃபோர்ட்வரை ஓடுகிறது. அந்தப் பக்கத்தை நம் ஆட்கள் இன்னும் அவ்வளவாகத் தேடவில்லை. நீ ஒருக்கால் போய்ப் பார்.

வெயிலைப் பற்றி அங்கே ஒருவரும் உனக்குச் சொல்லித்தர மாட்டார்கள். சிட்னி என்றதும் எல்லாரும் கடற்கரைப் படத்தைத்தான் நினைக்கிறார்கள். நீ இருக்கப்போவது கடலிலிருந்து 25, 30 கிலோமீற்றர் உள்ளே. கடற்காற்று அங்கே வந்து சேர்வதற்குள் சோர்ந்துவிடும், உள்நாட்டிலிருந்து வரும் காற்று நம் கச்சானைப் போல முகத்தைச் சுடும். இன்னும் மேற்கே இருக்கும் பென்ரித்தில் 2020 ஜனவரி 4ஆம் திகதி 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. பின்வளவு வீடுகள் பல தகரக் கூரைக்குக் கீழ் மெல்லிய சுவர் வைத்துக் கட்டியவை. இரவுக் கடமை முடித்து வந்து பகலில் நித்திரை கொள்ளப்போகிறவள் நீ. பின்னேரம் மூன்று மணிக்கு அந்த அறைக்குள் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார். கை சுட்டால், ஏசி எங்கே என்று கேள். மற்றது, அங்கே சூரியன் நடுப்பகலில் வடக்கே நிற்கும். வடக்குப் பார்த்த யன்னல் உள்ள அறைக்குத்தான் குளிர்காலத்தில் வெயில் வரும், தெற்குப் பக்க அறை ஜூலையில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டும். உன் அம்மா வாஸ்து பார்த்துச் சொன்னால் ஓம் என்று கேட்டுக்கொள், ஆனால் யன்னல் எந்தத் திசை என்பதற்குப் போனில் இருக்கும் திசைகாட்டியைப் பார்.

வெள்ளத்தைப் பற்றி மகாவலி கடலில் விழுகிற இடத்தில் பிறந்தவளுக்குச் சொல்லத் தேவையில்லை. வின்ட்சர் பக்கம் ஹோக்ஸ்பரி ஆறு 2021இலும் 2022இலும் பெருகி வீடுகளை மூடியது. மலிவு என்று அந்தப் பக்கம் இழுபடாதே. டூங்காபியிலும் ஓடைகள் உண்டு. தெருவின் பேரைச் சொல்லி நகரசபையின் வெள்ள வரைபடத்தைப் பார்க்கலாம்.

அடுத்தது தாள். இதில் சித்தப்பாவுக்குக் கோபம் வரும், வரட்டும். நியூ சவுத் வேல்ஸில் 2010ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. வாய்ப்பேச்சாக எடுத்த வீட்டுக்கும் அது செல்லும், ஆனால் நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் என்ன பேசினீர்கள் என்று நிரூபிப்பது உன் தலையில் விழும். பொண்ட் என்கிற வைப்புப் பணம் நாலு கிழமை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அது வீட்டுக்காரரின் பையில் இருக்க வேண்டிய காசு இல்லை, அரசாங்கத்திடம் கட்ட வேண்டியது. அவர் கையில் கொடுத்தால் பத்து வேலை நாளுக்குள் அவர் கட்டியிருக்க வேண்டும். முற்பணமாக இரண்டு கிழமை வாடகைக்கு மேல் கேட்கவும் கூடாது. 2024 ஒக்டோபர் 31இலிருந்து வாடகையைப் பன்னிரண்டு மாதத்தில் ஒரு தடவைதான் கூட்டலாம். 2025 மே 19இலிருந்து காரணம் சொல்லாமல் உன்னை எழுப்ப முடியாது. காசைக் கையில் கொடுத்துவிட்டு இந்தப் பாதுகாப்பை எல்லாம் கேட்டுப் பெறுவது கஷ்டம்.

இன்னொன்று, நாலு பேரைக் கேட்டால் மூன்று பேருக்கு இது தெரியாது. அடுத்த வீட்டுக்கு நீ விண்ணப்பிக்கும்போது ஏஜென்ட் முதலில் கேட்பது சம்பளச் சீட்டும் பழைய வாடகைப் பதிவும். எழுத்தில்லாமல் இரண்டு வருடம் ஒழுங்காகக் காசு கொடுத்திருந்தாலும் அவருடைய கண்ணுக்கு நீ எங்கேயும் இருந்ததில்லை. முதல் வீட்டுத் தாள்தான் இரண்டாம் வீட்டைத் திறக்கும்.

கிரானி ஃபிளாட் என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. முறையாக அனுமதி எடுத்துக் கட்டியது நல்ல வீடாகவே இருக்கும், 60 சதுர மீற்றருக்குள் ஒரு ஆளுக்குத் தாராளம். ஆனால் கராஜை மறித்து அடுப்பு வைத்ததையும் அதே பேரில் வாடகைக்கு விடுகிறார்கள். அனுமதி இருக்கிறதா, புகை அலாரம் வேலை செய்கிறதா, கரண்ட் பில் யாருக்கு வருகிறது, உனக்குத் தனி வழி உண்டா என்று கேள். எடுத்தால், குடிபுகும் அன்றே ஒவ்வொரு சுவரையும் கறையையும் உடைந்த பிடியையும் திகதியோடு படம் எடு. வீட்டின் நிலையை எழுதும் படிவம் ஒன்று தருவார்கள், நீ பார்த்ததை எழுதி ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடு. சோம்பலில் விட்டால், யாரோ முன்னால் குடியிருந்தவர் உடைத்த கண்ணாடிக்கு நீ காசு கட்டுவாய்.

ஏஜென்ட் மூலம் பார்க்கப் போனால் சனிக்கிழமைதான் நாள். பதினைந்து நிமிடம் திறந்து வைப்பார்கள். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு இருபது பேர் ஒரே நேரம் சமையலறைக்குள் நிற்பார்கள், ஒருவரும் ஒருவரையும் பார்க்க மாட்டார்கள். அந்த நெரிசலில் நீ குழாயைத் திற. குளியலறை அலுமாரிக்குள் தலையைவிட்டு மணந்து பார். யன்னல் பூட்டுகிறதா என்று பூட்டிப் பார். பக்கத்து வளவில் நாய் இருக்கிறதா என்று பார், பகல் நித்திரைக்காரிக்கு அது பெரிய விஷயம். படத்தைப் பார்த்துக் காசு அனுப்பச் சொல்கிறவர் ஏமாற்றுக்காரர்தான். அதைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்கவில்லை.

இனி நம் ஆட்களுக்குக் கிட்ட இருப்பதா, தள்ளி இருப்பதா? இந்தக் கேள்வி வெள்ளவத்தையில் தொடங்கியது, ஸ்காபுரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இன்னும் முடியவில்லை. சிட்னியில் 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் பலர் முதலில் ஹோம்புஷ், ஸ்ட்ரத்ஃபீல்ட் பக்கத்து அடுக்குமாடிகளில் இருந்துவிட்டு, வீடு வாங்கும் காலம் வந்ததும் அதே ரயில் பாதையில் மேற்கே நகர்ந்தார்கள். அதனால்தான் பெண்டில் ஹில்லிலும் வென்ட்வேர்த்வில்லிலும் இறங்கினால் மீனும் கீரையும் இடியப்பமும் கிடைக்கிறது, மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது. நம்மூர் முஸ்லிம் பிள்ளை யாராவது உன்னிடம் கேட்டால் ஓபர்னைச் சொல், பெரிய பள்ளிவாசலும் ஹலால் கடைகளும் அங்கே உண்டு. 2021 குடிசன மதிப்பில் அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கு மேல். தனித்துப் போய்விடுவேனோ என்ற பயம் உனக்குத் தேவையில்லை. அரைமணி ரயில் தூரத்தில் எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கலாம்.

கிட்ட இருப்பதில் நன்மை நிறைய. காய்ச்சல் வந்தால் கஞ்சி வரும். ஆனால் நீ இரவு எத்தனை மணிக்கு வந்தாய் என்ற செய்தி விடிய முதல் கட்டைபறிச்சானுக்கும் வரும். அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். பெரிய சிக்கல் வேறு. சொந்தக்காரரின் கூட்டாளி வீட்டுக்காரராக இருந்தால், ஒழுகுகிற குழாயைத் திருத்தித் தாருங்கள் என்று நீ கேட்க மாட்டாய். கேட்டால் சித்தப்பாவுக்கு மனவருத்தம், கேட்காவிட்டால் உன் சுவரில் பூஞ்சணம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பின்வளவில் பந்தடித்து விளையாடும்போது நீ உள்ளே நித்திரையில்லாமல் கிடப்பாய், அடுத்த இரவு நோயாளிக்கு மருந்து அளக்க வேண்டும். உறவைக் கடைக்கும் கோயிலுக்கும் விருந்துக்கும் வைத்துக்கொள். வாடகையை முன்பின் தெரியாத ஆளோடு வைத்துக்கொள்.

ஆகவே என் முடிவு இது. எழுத்தில் ஒப்பந்தம் தர, பொண்டைக் கட்டிய இலக்கம் தர, வாடகையை வங்கி வழியாக வாங்க அவர்கள் சம்மதித்தால், பின்னேரம் மூன்று மணிக்கு ஒருக்காலும் இரவு பத்து மணி ரயிலில் இறங்கி ஒருக்காலும் போய்ப் பார்த்துவிட்டு யோசி. சம்மதிக்காவிட்டால் விடு. வேலை தொடங்கும் முதல் மாதத்துக்கு வென்ட்வேர்த்வில்லிலோ வெஸ்ட்மீட்டிலோ பகிர்ந்து இருக்கும் வீடொன்றில் ஒரு அறை எடு. ஒரு வருட ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு முதல் மூன்று மாதத்துக்குள் உடைத்தால் நாலு கிழமை வாடகை தண்டம், அறைக்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு. சித்தப்பாவிடம் நானே பேசுகிறேன், நீ மறுத்ததாகச் சொல்லாதே, பெரியம்மா மறித்துவிட்டா என்று சொல். எந்தத் தெரு, எந்தப் பக்க யன்னல் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா