புற்றுநோய் ஊசி: கையெழுத்துப் போடும் முன்

தடுப்பூசி என்றால் நோய் வரும் முன் போடுவது என்றுதான் நமக்குத் தெரியும். முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குச் சோதிக்கும் ஊசி வேறு. கட்டியை அடையாளம் கண்டு தாக்க, நம் எதிர்ப்புச் சக்தியைப் பழக்குவது அதன் வேலை. கீமோவோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

அமெரிக்காவில் 48 பெண்களிடம் சோதித்த முடிவு 2015-ல் வந்தது. கீமோ மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு 3.9 மாதத்தில் நோய் மறுபடி வளர்ந்தது. ஊசியும் போட்டவர்களுக்கு 7.9 மாதம் ஆனது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 48 பேர் ரொம்பக் குறைவு, தற்செயலாகவும் இருக்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 14 பெண்களிடம் இப்படி, கீமோவோடு சேர்த்துச் சோதித்தார்கள்.

வேலூரிலோ சென்னையிலோ "ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம், அவசரமும் வேண்டாம். படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கைநாட்டு என்றால் நடுநிலையான சாட்சி கட்டாயம். ஒரு நகல் நம் கையில் தரணும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் லீவு போட்டால் சம்பளம் போகுமே, எத்தனை தடவை வரணும், பஸ் காசு யார் தருவது என்றும் கேளுங்கள். வெளியே யாராவது "புற்றுநோய் ஊசி" என்று பணம் கேட்டால், குழுவில் கடன் வாங்கிக் கட்டிவிடாதீர்கள். முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.